பையனைக் காட்டப் போன மையம், முதலில் என்னைப் பார்த்தது

பையனுக்கு மூன்றரை வயது. கையில் கிடைத்ததை எறிவான், கைக்குழந்தையாக இருக்கும் தங்கச்சியைக் கடிப்பான், சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுத் தரையில் உருளுவான். பால்வாடி டீச்சர் சொல்லித்தான் அவிநாசி ரோட்டுப் பக்கம் இருக்கும் இந்தக் குழந்தை வளர்ச்சி மையத்துக்குப் போனோம். பேர் போடவில்லை, குறையும் சொல்லப் போகிறேன் என்பதால்.

பையன் முன்னால் பிளாக் டப்பாவை வைத்துவிட்டு, அங்கிருந்த பொண்ணு என் பக்கம் திரும்பி, "நீங்க நல்லாத் தூங்கறீங்களாக்கா?" என்று கேட்டது. அப்புறம் ஒரு தாள். பி.எச்.க்யூ-9 என்று பேர், மனச்சோர்வு இருக்குமோ என்று பார்க்கிற தாள். ஒன்பது கேள்வி, எல்லாம் கடந்த 2 வாரத்தைப் பற்றி: தூக்கம், பசி, சலிப்பு, எதிலும் மனசு ஒட்டாமல் இருப்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் டாக்டரைப் பார்ப்பது நல்லது என்பார்கள். எனக்குப் பதின்மூன்று. "இதை வெச்சு நோய்னு சொல்ல முடியாதுங்க்கா, ஆனா மனநல டாக்டர் ஒருத்தரைப் பாத்துடுங்க" என்று சொல்லி, பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தது.

கூட வந்த அத்தைக்குப் பிடிக்கவில்லை. "பையனைக் காட்ட வந்தா மருமகளுக்கு என்னத்துக்குங்க டாக்டரு?" அதற்கு அந்தப் பொண்ணு பொறுமையாகச் சொன்ன பதிலுக்கே 600 ரூபாய் கொடுக்கலாம். கோபத்தை அடக்குகிற மூளையின் முன்பகுதி முழுசாக வளர இருபது வயதுக்கு மேல் ஆகுமாம். அதுவரை பிள்ளைகள் பெரியவங்க நிதானத்தைத்தான் கடன் வாங்குகிறார்கள். ராத்திரியெல்லாம் கைக்குழந்தையோடு விழித்திருக்கிறவளிடம் கடன் கேட்டால் எங்கே போவாள்? அத்தை அதற்கு மேல் பேசவில்லை. இப்போது சாயந்தரம் ஒரு மணி நேரம் சின்னவளை அவர்தான் வாங்கிக்கொள்கிறார்.

கற்றுக்கொடுத்ததும் வீட்டில் நடக்கக்கூடியதுதான். அவன் கத்தும்போது விளக்கம் கூடாது. குனிந்து கண்ணுக்கு நேராக இருந்து, "கோவம் வந்துருச்சா கண்ணு" என்ற அளவில் நிறுத்தி, நாம் மூச்சை மெதுவாக விட வேண்டும். புத்தி சொல்வதெல்லாம் அவன் அடங்கின பிறகு. எனக்கே தலைக்கு ஏறினால், அவனை இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விடலாம், அது தப்பில்லை. நம்ம பழைய ஸ்டாச்சூ விளையாட்டையும் தினமும் ஆடச் சொன்னார்கள். ஓடுகிற உடம்பைச் சட்டென்று நிறுத்திப் பழக அது நல்ல பயிற்சியாம். எறிவது இன்னும் இருக்கிறது. கடிப்பது நன்றாகக் குறைந்திருக்கிறது.

குறைக்கு வருகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 10 முதல் 5 வரைதான். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற அப்பா எப்படி வருவார்? எங்க வீட்டுக்காரர் ஒரே தடவை வந்தார், அன்றைய சம்பளம் போச்சு. அப்பாக்களும் வரணும் என்று சுவரில் மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். கையில் தரும் தாள்கள் முழுக்க இங்கிலீஷ். இதைவிட வேடிக்கை, காத்திருக்கும் ஹாலில் கார்ட்டூன் டிவி! 2 முதல் 4 வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதை உள்ளே விளக்குகிறார்கள், வெளியே வந்தால் பையன் டிவி முன்னால் நிற்கிறான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். போகிறவர்கள் காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குங்கள், மதியத்துக்கு மேல் பிள்ளைகள் தூக்கத்தில் சிணுங்கும். வேலையை விட்டுப் போக முடியாதவர்கள், தங்களுக்காக மட்டுமாவது, 14416க்குப் போன் பண்ணலாம். மனநல ஆலோசனைக்கான அரசின் டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் உண்டு, காசு இல்லை, தமிழிலேயே பேசலாம்.