ஃபார்ம் 5-க்கும் 5பி-க்கும் நடுவில் போன என் 14,500 ரூபாய்

கார் கற்றுக்கொள்ளக் கிளம்பியிருக்கிறீர்களா? "டெஸ்ட்டே இல்லாம லைசென்ஸ்" என்று யாராவது சொன்னால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் ஏரியா டிரைவிங் ஸ்கூலில் சாதாரண வகுப்புக்கு 7,000 ரூபாய், "டெஸ்ட் இல்லாத பேக்கேஜ்" 14,500. சுவரில் லேமினேட் செய்து மாட்டிய செய்தித்தாள் துண்டு ஒன்று: 2024 ஜூன் 1 முதல் பயிற்சி மையத்திலேயே டெஸ்ட், ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகவேண்டாம். "ரூல் மாறிடுச்சு மேடம், எங்க சர்ட்டிபிகேட்டே போதும்." பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் எட்டு போடுவதை நினைத்தாலே எனக்குக் கை வியர்க்கும். அந்தப் பயத்துக்குத்தான் இரண்டு மடங்கு கொடுத்தேன்.

அரை மணி நேர வகுப்பு என்றார்கள். இருபது நிமிடம் தாண்டியதில்லை. அதிலும் பின்சீட்டில் அடுத்த ஆள் காத்திருப்பார். டபுள் பெடல் வண்டி என்பதால் மாஸ்டரின் கால் எப்போதும் கிளட்ச் மேலேயே. "நீங்க ஸ்டியரிங்க மட்டும் பிடிங்க." ரிவர்ஸ் சொல்லித் தாருங்கள் என்றால், "உங்களுக்குத்தான் டெஸ்ட் இல்லையே!"

எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) ஆறு மாதம்தான் செல்லும். அது முடிய மூன்று வாரம் இருக்கும்போது போன் செய்து ஓ.டி.பி. கேட்டார்கள், சொன்னேன். அது டெஸ்ட் ஸ்லாட் போடுவதற்கு என்பது மறுநாள்தான் தெரிந்தது. "காலைல எட்டு மணிக்கு கிரவுண்டுக்கு வந்துடுங்க மேடம்." பேக்கேஜ் என்னாச்சு என்றேன். "அது இன்னும் நம்ம ஊருக்கு வரல." ஹாஃப் கிளட்ச் என்றால் என்னவென்றே தெரியாதவள் எப்படி எட்டு போடுவது? இரண்டு முறை வண்டி ஆஃப் ஆனது. "நெக்ஸ்ட்" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதி 2021 ஜூலை 1 முதலே இருக்கிறது. காருக்கு அங்கே 29 மணி நேரப் பயிற்சி, அதில் 21 மணி நேரம் வண்டியில். மையத்துக்குக் குறைந்தது ஒரு ஏக்கர் நிலம் வேண்டும். அங்கே தேறினால் தரும் ஃபார்ம் 5பி சான்றிதழுக்குத்தான் டெஸ்ட் விலக்கு. சாதாரணப் பள்ளி தரும் ஃபார்ம் 5-க்குக் கிடையாது. 2024 ஜூனில் விதி எதுவும் மாறவில்லை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே அப்போது விளக்கம் கொடுத்திருக்கிறது. என் கையில் இருந்தது வெறும் 5. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை போட்டு நடத்துபவர்களிடம் ஒரு ஏக்கர் எங்கே என்று எனக்கு ஏன் தோன்றவில்லையோ!

யாராவது விலக்கு என்றால், "5பி தருவீங்களா?" என்று கேளுங்கள், ரசீதில் எழுதி வாங்குங்கள். மத்திய விதிப்படி கார் டெஸ்ட் கட்டணம் 300, லைசென்ஸுக்கு 200; மாநிலச் சேவைக் கட்டணம் தனி. மீதியெல்லாம் பள்ளியின் கணக்கு. மாஸ்டர் பெடலிலிருந்து காலை எடுக்கட்டும். மேட்டில் நிறுத்தி எடுப்பதையும் ரிவர்ஸையும் முதல் வாரமே கேட்டு வாங்குங்கள்.

தோற்றால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். எல் போர்டு ஒட்டி, லைசென்ஸ் உள்ள கொழுந்தனாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, தினமும் விடியற்காலை ஓட்டினேன். பத்தாம் நாள் பாஸ்.

பணத்தில் 2,000 மட்டும் திரும்பி வந்திருக்கிறது. மீதிக்கு நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அந்த லேமினேஷன் இன்னும் சுவரில்தான் தொங்குகிறது.