கிரேக்கக் கோழிக்கு ஏர் ஃப்ரையரா, ஓடிஜியா?

நாங்கள் வாங்கியது ஏர் ஃப்ரையர். கே.கே. நகரில் அக்கா வீட்டில் ஓடிஜி (கேக், ரொட்டி, கறி எல்லாம் சுடும் சின்ன மின்சார அடுப்பு) இருப்பதால் ஒரே கோழியை இரண்டிலும் வைத்துப் பார்க்க முடிந்தது. எலுமிச்சையும் பூண்டும் ஊறிய கிரேக்கக் கோழிக்கு நான் ஏர் ஃப்ரையர் பக்கம்தான்.

ஊறவைப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. எலும்பில்லாத தொடைக்கறி அரைக் கிலோவுக்கு ஒரு பெரிய எலுமிச்சையின் சாறு, தட்டிய பூண்டு நான்கைந்து பல், ஆலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த ஓரிகானோ ஒரு தேக்கரண்டி, உப்பு, மிளகு. மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், இஞ்சி எதுவும் வேண்டாம். கெட்டித் தயிர் சேர்ப்பவர்களும் உண்டு, கறி இன்னும் மெத்தென்று இருக்கும். தொடைக்கறி நான்கைந்து மணி நேரம் ஊறினாலும் தாங்கும். நெஞ்சுக்கறிக்கு இரண்டு மணி நேரம் போதும். அதற்கு மேல் புளிப்பில் கிடந்தால் மேல்பக்கம் வெளுத்து மாவாகத் தொய்ந்துவிடும். ஓரிகானோ கைவசம் இல்லையென்றால் தொட்டியில் நிற்கும் கற்பூரவல்லியில் இரண்டு இலை பறித்துப் பொடியாக நறுக்கிப் போடலாம். இரண்டின் வாசனைக்கும் முக்கியக் காரணம் கார்வக்ரால் என்ற ஒரே பொருள்தான். அச்சு அசல் அதே ருசி வராது, ஆனால் எலுமிச்சையோடு நன்றாகவே சேர்கிறது.

நேரத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஏர் ஃப்ரையரில் 190 டிகிரியில் எட்டு நிமிடம், திருப்பிப் போட்டு இன்னும் ஏழு நிமிடம். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் கறியின் நடுவில் குத்திப் பாருங்கள், 74 டிகிரி காட்ட வேண்டும். ஓடிஜி சூடேறவே பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், அதற்கப்புறம் அரை மணி நேரத்துக்கு மேல் வேக வேண்டும். 1,500 வாட்ஸ் ஏர் ஃப்ரையர் இருபது நிமிடம் ஓடினால் அரை யூனிட். ஓடிஜியில் ஒரு யூனிட் பக்கம் வரும். கரண்ட் பில்லில் இது பெரிய விஷயம் இல்லை. சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் இரண்டுமே ஓடாது, மின்தடை வந்தால் காத்திருக்கத்தான் வேண்டும்.

என்னை முடிவெடுக்க வைத்தது கழுவும் வேலை.

இந்தக் கோழியில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் சாறும் சும்மா இருக்காது. சூடு பட்டதும் நாலா பக்கமும் தெறிக்கும். ஓடிஜியில் அது உள்சுவர், மேல் கம்பி, கதவுக் கண்ணாடி என்று எல்லா இடத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். தட்டையும் வலைக் கம்பியையும் வெளியே எடுத்துக் கழுவலாம், சுவரைக் குழாயடியில் காட்ட முடியுமா? சூடேறும் கம்பியில் தண்ணீர் படக் கூடாது. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாலும் மூலையில் கொஞ்சம் தங்கிவிடும். அடுத்த முறை அடுப்பைச் சூடாக்கும்போது அந்தப் பழைய கொழுப்புப் புகைந்து பூண்டு வாசனையோடு எழும்பும். அக்கா அதே அடுப்பில்தான் பிள்ளைகளுக்குக் கேக் செய்கிறாள்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை, அமாவாசை, புரட்டாசி மாதம் முழுக்க அசைவம் கிடையாது. அம்மா அந்த நாட்களில் கறி வைத்த பாத்திரத்தைத் தொடமாட்டார், அந்த வாசனை சமையலறையில் இருப்பதும் அவருக்குப் பிடிக்காது. கவுச்சி வாசனை தங்கிய ஒரு பெட்டியைச் சமையலறையில் வைத்துக்கொண்டு அவரைச் சங்கடப்படுத்த எனக்கு மனமில்லை. ஏர் ஃப்ரையரை நாங்கள் அசைவத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டோம். கூடையையும் அடித்தட்டையும் கழட்டிக் கழுவிக் காயவைத்து, துணி போர்த்திப் பரணில் ஏற்றிவிட்டால் புரட்டாசி முடியும்வரை அது கண்ணிலேயே படாது. கேக்குக்கும் கறிக்கும் சேர்த்து வாங்கும் ஓடிஜியை அப்படி ஒதுக்கி வைக்க முடியாது.

கூடை கழுவுவதிலும் கவனம் வேண்டும். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, காய்ந்தால் கருப்புப் பூச்சில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். அதனால் சூடு தணிந்ததும் வெந்நீரும் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவிடுவேன். கருகிய பூண்டும் தயிரும் தானாகவே கழன்று மிதக்கும். பஞ்சால் தேய்த்து, கடைசி அலசலுக்கு மட்டும் குடிதண்ணீர் ஒரு சொம்பு. கம்பி நார் கிட்டேயே போகக் கூடாது, பூச்சு உரிந்துவிடும். கழுவுகிற வேலையை மிச்சம் பிடிக்க அலுமினியத் தாள் விரிப்பவர்கள் இந்தக் கோழிக்கு அதைத் தவிர்ப்பது நல்லது, எலுமிச்சைப் புளிப்பு தாளை அரிக்கும். கறியை உள்ளே வைக்கும் முன் ஒட்டியிருக்கும் பூண்டுத் துண்டுகளை வழித்து எடுத்துவிட்டால் கருகலும் பாதியாகக் குறையும். மேலே இருக்கும் கம்பிச் சுருளிலும் எண்ணெய் படியத்தான் செய்கிறது. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, பெட்டியைக் கவிழ்த்து, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போகிறது. அந்தச் சுருள் உள்ளங்கை அளவுதான், ஓடிஜியின் உள்பக்கம் முழுவதையும் துடைப்பதோடு ஒப்பிட்டால் அது ஒரு வேலையே இல்லை.

கூடையின் பூச்சு எத்தனை வருடம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எங்களுடையது இன்னும் பழசாகவில்லை. வாங்கும்போதே தனிக் கூடை உதிரியாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடிஜி ஜெயிக்கிற இடமும் உண்டு. கிரீஸ் நாட்டு வீடுகளில் கோழியையும் உருளைக்கிழங்கையும் ஒரே தட்டில் வைத்து அடுப்பில் வேகவைப்பார்கள். கோழியிலிருந்து இறங்கும் கொழுப்பும் எலுமிச்சைச் சாறும் கிழங்கில் ஏறும். அக்கா வீட்டில் அப்படிச் செய்தபோது கோழியை விட்டுவிட்டுக் கிழங்குக்குத்தான் போட்டி. ஏர் ஃப்ரையரில் அந்தச் சாறு ஓட்டை வழியாகக் கீழே இறங்கி வீணாகிறது. கொள்ளளவும் இடிக்கும். நாலு லிட்டர் கூடையில் அரைக் கிலோவைத்தான் ஒற்றை அடுக்காகப் பரப்ப முடியும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் சூடான காற்று புகாமல் கறி வெந்துபோகுமே தவிர மேல்பக்கம் சிவக்காது. ஐந்து பேருக்கு மேல் சாப்பிடும் வீடு என்றால் இரண்டு தடவை போட வேண்டும், அந்த வீட்டுக்கு ஓடிஜிதான் வசதி. நாட்டுக்கோழிக்கு இரண்டுமே வேண்டாம், அதற்குக் குக்கர்தான்.

கரி அடுப்பைப் பற்றியும் கேட்பார்கள். கிரேக்கர்களின் சூவ்லாக்கி கம்பியில் கோத்துக் கரியில் சுடுவதுதான், அந்தப் புகை வாசனை எந்த மின்சாரப் பெட்டியிலும் வராது. மாடி வீட்டுச் சொந்தக்காரர்கள் செய்து பார்க்கலாம். வாடகை வீட்டில் பக்கத்து வீட்டுத் துணி காயும்போது அது நடக்காது.

எதில் சுட்டாலும் தொட்டுக்கொள்ளத் தயிர்ப் பச்சடி ஒன்று செய்துவிடுங்கள். தயிரைத் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டு, துருவிப் பிழிந்த வெள்ளரிக்காய், ஒரு பல் பூண்டு, உப்பு, ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய் சேர்த்தால் ஆயிற்று. சப்பாத்தியில் சுருட்டிச் சாப்பிடும்போது இந்தப் பச்சடி இல்லாவிட்டால் கறி வறட்டென்று இருக்கும், ஏர் ஃப்ரையரில் செய்த நெஞ்சுக்கறி என்றால் இன்னும் கூடுதலாக.