ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) ரிவியூ: 2018ல ஒரு தடவை, இப்ப ஒரு தடவை வாங்கிப் பாத்தேன்

செலவ மொதல்ல சொல்லிடறேன். 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒரு வெள்ளைத்தாள், தபால் செலவு, அவ்ளோதான். வறுமைக்கோட்டுக்கு கீழ இருக்குறவங்களுக்கு அந்த 10 ரூபாயும் கிடையாது. எதுக்கு கேக்குறேன்னு காரணம் சொல்லவே வேணாம், சட்டத்துலயே இருக்கு. இந்த விலைக்கு அரசாங்கத்துகிட்ட இப்படி ஒரு சர்வீஸ் வேற எதுவும் கிடையாதுன்னு 2018ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

அப்ப நடந்தது இதான். எங்க தெருவுல போட்ட சிமெண்ட் ரோடு ஒரே மழையில பேந்துடுச்சு, எஸ்டிமேட் காப்பி, எம் புக் (முடிச்ச வேலைய அளந்து எழுதி வைக்கற பதிவேடு) காப்பி, கான்ட்ராக்டர் பேரு மூணும் கேட்டு எழுதினேன், 30 நாள்ல பதில் வரணும், வரல, முதல் மேல்முறையீடு போட்டேன், 22வது நாள் கவர் வந்துச்சு, 14 பக்கம். பக்கத்துக்கு 2 ரூபா கட்டணும், ஆனா கெடு தாண்டிட்டா ஓசியில தான் குடுக்கணும், அதனால அதுவும் மிச்சம். எம் புக்குல கனம் 15 செ.மீ.ன்னு எழுதியிருந்துச்சு. பேந்து கெடந்த ஓரத்துல பையனோட ஸ்கேல வச்சு அளந்தேன், 9. அந்த ரெண்டையும் ஒண்ணா போட்டோ எடுத்து ஒரு மனு குடுத்தேன், ஒரு வாரத்துல மிக்சர் மெஷின் வந்து நின்னுச்சு!

இப்ப அதே தெருவுல வடிகால். அதே ஆபீஸ், அதே மூணு கேள்வி, இந்த தடவை சரியா 29வது நாள் பதில் வந்துடுச்சு, டெலிவரி சூப்பர். பிரிச்சா ஒரே வரி: கேட்டது தனிநபர் தகவல், பிரிவு 8(1)(ஜே) படி தர இயலாது. ஊர்ப் பணத்துல வடிகால் கட்டினவரு பேரு எப்படிங்க தனிநபர் தகவல் ஆச்சு?

தேடிப் பாத்தப்ப தான் தெரிஞ்சது, கடை அதே கடை, போர்டு அதே போர்டு, உள்ள சரக்க மாத்திட்டாங்க. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள 44(3)ன்னு ஒரு வரி, அது போய் ஆர்டிஐயோட அந்த 8(1)(ஜே)ல கைய வச்சிருக்கு, 2025 நவம்பர்ல அமலுக்கும் வந்துடுச்சு. முன்னாடி பொது வேலைக்கு சம்பந்தமில்லாத, ஒருத்தரோட அந்தரங்கத்துல தேவையில்லாம தலையிடற தகவலத்தான் மறுக்கலாம், அதுலயும் பொதுநலன் இருந்தா குடுக்கணும். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாத தகவல சாதாரண ஆளுக்கும் மறுக்கக் கூடாதுன்னு ஒரு வாசகம் இருந்துச்சு பாருங்க, எனக்கு அந்தச் சட்டத்துலயே ரொம்பப் புடிச்சது அதான், எம்எல்ஏவும் நானும் ஒண்ணுன்னு எழுத்துல இருந்த ஒரே இடம். எல்லாம் போயி இப்ப தனிநபர் தகவல்னாலே கிடையாதுங்கற மாதிரி ஆக்கிட்டாங்க.

ஆர்டிஐல பிரிவு 8(2) அப்படியே தான இருக்கு, பொதுநலனுக்காக குடுக்கலாமேன்னு அரசாங்கம் சொல்லுது. சரி, அத எடை போடறது யாரு? பேர மறைச்ச அதே ஆபீசர் தான். அந்தரங்க உரிமை வேணாம்னு நான் சொல்லல, 2017ல சுப்ரீம் கோர்ட்டே அது அடிப்படை உரிமைன்னு சொல்லிடுச்சு, ஆதார் நம்பர், போன் நம்பர் எல்லாம் தாராளமா மையடிச்சு மறைங்க.

கஸ்டமர் கேர் கதை தனி. ஆபீஸ் தகவல் தரலைன்னா கடைசியா மேல்முறையீட்ட விசாரிக்கறது தகவல் ஆணையர்கள் தான், அவங்களுக்கு 5 வருஷப் பதவி, சம்பளம் எல்லாம் சட்டத்துலயே உறுதியா இருந்துச்சு, 2019ல திருத்தி மத்திய அரசு கைக்கு எடுத்துக்கிட்டாங்க, இப்ப 3 வருஷம். யாரு மேல புகார் குடுக்குறோமோ அவங்களே நடுவருக்கு சம்பளம் நிர்ணயம் பண்ணா மேட்ச் எப்படி இருக்கும்.

இத்தனைக்கும் இது அவங்க போடற பிச்சை கிடையாது. தகவல் தெரிஞ்சுக்கறது அரசியலமைப்பு 19(1)(அ), அதாவது பேச்சுரிமையில வர்ற உரிமை, 2024 பிப்ரவரி 15ல கட்சிகளுக்கு பேர் வெளிய தெரியாம நன்கொடை குடுக்குற தேர்தல் பத்திரத்த சுப்ரீம் கோர்ட் தூக்கி வீசினது இதே காரணத்த சொல்லித்தான். மத்திய சட்டம் 2005ல தான் வந்துச்சு, நம்ம தமிழ்நாடு 1997லயே தனியா ஒண்ணு போட்டுடுச்சு, நாட்டுலயே மொதல்ல.

ரேட்டிங்: 2018க்கு 5க்கு 4, மேல்முறையீடு வரைக்கும் இழுத்ததுக்கு ஒண்ணு கட். இப்ப 2, அதுவும் விலைக்காக. வாங்கப் போறவங்க ஆளு பேர மட்டும் கேக்காதீங்க, வேலை உத்தரவு நகல், பில் நகல்னு ஆவணமா கேளுங்க, பதில்ல மறுத்திருந்தா 30 நாளுக்குள்ள மேல்முறையீடு போட்டுடுங்க. நான் போட்டு 19 நாள் ஆச்சு. வடிகால்ல தண்ணி இன்னும் எங்க வீட்டு பக்கம் தான் திரும்பி வருது.