மதுரையில் ஒரு ஃபீல்டு டெஸ்ட்

அப்பாவுக்கு கிளாக்கோமா, கண் நரம்பைக் கெடுத்துப் பார்வையைக் குறைக்கும் நோய். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அது இருந்தால், 40 தாண்டிய பிள்ளைகளுக்கு லண்டனில் கண் பரிசோதனை இலவசம். போன மார்கழியில் போனேன். சுற்றுப் பார்வையைச் சோதிக்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுத்தார்கள். ஒரு பெட்டிக்குள் கோடு கோடாகச் சிமிட்டும், தெரிந்ததும் பட்டனை அமுக்க வேண்டும். ஒரு நிமிஷம்தான். இடது கண்ணில் மேலே இரண்டு கட்டம் விட்டுப்போயிற்று. இன்னொரு தடவை எடுத்துப் பார்த்திருக்கலாம். எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார்கள், தேதி கிடைக்க ஏழு மாசம் ஆகும் என்றார்கள். அந்தப் பயத்தோடுதான் மதுரையில் வந்து இறங்கினேன்.

அப்பாவோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போய் நானும் ஒரு சீட்டுப் போட்டேன். காலை ஏழு மணிக்கு டோக்கன், பதினொரு மணிக்குச் சொட்டு மருந்து. அதற்கப்புறம்தான் ஒருவர் ஃபைலைப் பார்த்து, "ஃபீல்டு டெஸ்ட் இருக்கே, சொட்டு விட்டாச்சா? சொட்டுல கண் பாப்பா விரிஞ்சா கிட்டப் பார்வை மங்கும். நாளைக்கு வாங்க" என்றார். ஒரு முழு நாள் வீண். லண்டனில் முதலில் ஃபீல்டு டெஸ்ட், அப்புறம்தான் சொட்டு. வாசலில் நின்று கத்திவிட்டேன்.

மறுநாள் இருட்டறை. வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தேன். டெஸ்ட் எடுக்கும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். "நடுவுல இருக்கிற மஞ்ச லைட்டையே பாருங்க சார். சுத்தி எங்க லைட் வந்தாலும் அமுக்குங்க. நல்ல கண்ணுக்கே பாதி லைட் தெரியாது. மெஷின் வெளிச்சத்தைக் குறைச்சுக்கிட்டே போகும், பயப்படாதீங்க." இதை லண்டனில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முதலில் ஃபாஸ்ட் முறை, கண்ணுக்கு நாலு நிமிஷத்துக்குள். பேப்பர் வந்தது. இடது கண்ணில் மேல்பக்கம் முழுக்கக் கறுப்பு. வயிறு கலங்கிப்போயிற்று. அவர் பதறவில்லை. திரையில் என் கண்ணைக் காட்டினார்: "இமை பாதி பாப்பாவை மூடுது பாருங்க. அதோட முத தடவை நிறையப் பேருக்குச் சரியா வராது. ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

திரும்பி வந்ததும் விரல் நீளத்துக்குப் பிளாஸ்டர் கிழித்து, இமையைத் தூக்கிப் புருவத்தோடு ஒட்டினார். இந்தத் தடவை ஸ்டாண்டர்டு முறை, கண்ணுக்கு ஆறு நிமிஷம். லைட் காட்டிச் சோதிக்கும் 54 இடத்தில் ஏறக்குறைய எல்லாமே சுத்தமாக வந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு. பேனா முனையால் தொட்டு, "நரம்பு கண்ணை விட்டு வெளிய போற இடம். எல்லாருக்கும் இருக்கும்" என்றார். லண்டன் கதையைச் சொன்னேன். "அங்கயும் இமைதான் மறைச்சிருக்கும் சார்."

சின்ன வயதில் எங்கள் தெரு டாக்டர் எதிரே உட்கார்ந்து, "என் மூக்கைப் பாரு, இங்க எத்தனை விரல்?" என்று கேட்பார். விரலைக் காட்டிச் சோதித்தால் பெரிய பழுதுதான் பிடிபடும், அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்வார். இந்தப் பெண்ணும் அப்படித்தான். லண்டன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவர் என் கண்ணை ஏறிட்டே பார்க்கவில்லை.

ஆட்டோவில் அப்பா என் பேப்பரை மடியில் விரித்து வெகுநேரம் பார்த்தார். பதினோரு வருஷமாக இந்த டெஸ்ட் எடுப்பவர்.

"பாதி லைட்டு யாருக்குமே தெரியாதாடா? நான் இத்தனை நாளும் என் கண்ணுக்குத்தான்னு நெனச்சேன்."