முதல் காராகக் கான்டெஸா வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு: 2,80,000 ரூபாய் போனது எங்களோடு முடியட்டும்

2,80,000 ரூபாய். காவல்கிணறு பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலையில் ஏறி இறங்கி என் தம்பி சேர்த்தது பாதிக்கு மேல். மீதி என் நகையை அடகு வைத்து நான் கொடுத்தது. அத்தனையையும் எண்ணி வாங்கிக்கொண்டு, வேறொரு வண்டியின் எஞ்சினைப் பொருத்திய காரை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். மெக்கானிக் கண்டுபிடித்துச் சொன்னது இன்று மதியம். கோபம் இன்னும் அடங்கவில்லை. பழைய வண்டி வாங்க நினைக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இதை முழுவதும் படியுங்கள். என்னென்ன சோதிக்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

கடையின் பெயரை எழுதவில்லை. நெல்லை மாநகரில், பெரிய சாலையோரம் இருக்கும் பழைய கார் கடை. இலவச விளம்பரத் தளம் ஒன்றில் படங்களைப் போட்டிருந்தார்கள். அங்கிருந்துதான் தொடங்கியது.

தம்பிக்கு இது முதல் கார். சின்ன மாருதி ஒன்று போதும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். அவனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே கான்டெஸா மேல்தான் கண். நம் நாட்டு மசில் கார் என்று இளைஞர்கள் கொண்டாடும் வண்டி அது. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் கார் ஒன்றின் வடிவத்தை வைத்து, 1984 முதல் 2002 வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது. நீளமான பானட், பின்சக்கர இழுவை. முதலில் வந்தவற்றில் அம்பாசடருக்குப் போட்ட 1489 சிசி எஞ்சின்தான். அவ்வளவு பெரிய உடம்பை இழுக்க அது திணறும். பிறகு ஜப்பானின் இசுசு நிறுவனத்து 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியரும் வந்த பின்தான் வண்டிக்கு உயிர் வந்தது. தம்பி தேடியது அந்த 1.8 வண்டியை. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். விவரம் தெரியாத பையன் ஏமாந்தான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

விளம்பரத்தில் 1992ஆம் ஆண்டு வண்டி, 1.8 பெட்ரோல், பதிவு 2027 வரை செல்லும் என்று இருந்தது. போனோம். முதலாளி எழுந்து வந்து என் அப்பாவுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும், தன் மனைவிக்கும் அந்தப் பக்கம்தான் என்றார். காபி வரவழைத்தார். "தங்கச்சி, இது வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி இல்லை. என் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தேன். தம்பியின் ஆசையைப் பார்த்துத்தான் கொடுக்கிறேன்" என்றார். அரசின் வாகனப் பதிவு விவரங்களைக் காட்டும் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, அவராகவே கைப்பேசியை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பதிவு, காப்பீடு எல்லாம் சரியாக இருந்தன. வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணின் மீது வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தான் தம்பி. ஆர்சியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. அந்த இடத்தில்தான் எங்களுக்கு முழு நம்பிக்கை வந்தது. அவர் எதிர்பார்த்ததும் அதைத்தான் என்று இப்போது புரிகிறது.

அடுத்து எஞ்சின் எண்ணைப் பார்க்க வேண்டும் என்று தம்பி கேட்டான். அந்த இடம் முழுக்க கிரீஸ் அப்பியிருந்தது. "சேஸிஸ் எண் ஒத்துப்போனால் எஞ்சின் எண்ணும் ஒத்துப்போகும், தம்பி. வண்டியைக் கழுவித்தான் கொடுப்பேன், அப்போது பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அப்பாவின் தோளில் கை வைத்தார். பானட் சூடாக இருக்கிறதே என்றும் தம்பி கேட்டான். இப்போதுதான் ஒருவர் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனார் என்று பதில் வந்தது. ஒரு சொல்லுக்குக்கூடத் தடுமாறவில்லை அந்த மனிதர். "அண்ணாச்சி, உங்களை நம்பித்தான் எடுக்கிறோம்" என்று அப்பா சொன்னபோது இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். 2,80,000 ரூபாயையும் அப்போதே ரொக்கமாகக் கொடுத்தோம்.

வீட்டுக்கு வரும் வழியில், நாங்குநேரி தாண்டியதும் வெப்பமானியின் முள் மேலே ஏறிவிட்டது. ரேடியேட்டர் கொதித்தது. காலையில் குளிர்ந்த எஞ்சினை எடுத்தால் நீலப்புகை; ஆயில் எரிகிறது என்று அர்த்தம். அப்போதுதான் பானட் ஏன் சூடாக இருந்தது என்று தெரிந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி, புகையை மறைத்திருக்கிறார்கள்.

வள்ளியூர் மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்தார். உள்ளே பால் கலந்த நிறம். தண்ணீர் ஆயிலில் இறங்குகிறது, இரண்டும் கலக்காமல் அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது என்றார். சத்தத்தை அடக்க ஆயிலையும் கெட்டியாக ஊற்றியிருக்கிறார்களாம். காந்தத்தை எடுத்து வந்து கதவுகளின் கீழ்ப்பகுதியிலும் சக்கர வளைவிலும் வைத்தார். ஒட்டவே இல்லை. துரு அரித்த இடத்தில் பட்டி பார்த்து, மேலே பளபளவென்று பெயிண்ட். டிக்கி விரிப்பைத் தூக்கினால் தகரத் துண்டுகளை வெல்டிங் வைத்திருக்கிறார்கள். கடைசியாகத்தான் மண்ணெண்ணெய்த் துணியால் எஞ்சினைத் துடைத்தார். ஆர்சியில் உள்ள எண் ஒன்று, எஞ்சினில் உள்ள எண் வேறு.

1990களில் அம்பாசடரிலும் இதே இசுசு 1.8 எஞ்சின் வந்தது. உடைக்கப் போன அம்பாசடர் ஒன்றிலிருந்து எடுத்திருப்பார்கள் என்கிறார் மெக்கானிக். அதனால்தான் பார்க்கவும் கேட்கவும் சரியாக இருந்தது; எண்ணைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும், அதனால் எண்ணுக்கு மேல் கிரீஸ். எஞ்சின் மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்சியில் பதிய வேண்டும். பதியாத எஞ்சினோடு 2027இல் பதிவைப் புதுப்பிக்கப் போனால் ஆய்வாளர் திருப்பி அனுப்புவார். அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்ததோ, அந்த வில்லங்கமும் இனி என் தம்பிக்கு.

கடைக்குப் போன் செய்தோம். வண்டி சூடானது என்று முதலில் சொன்னபோது, "பழைய வண்டி என்றால் சூடாகத்தான் செய்யும்" என்றார். எஞ்சின் எண்ணைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறியது. தான் நடுவில் நின்று முடித்துக் கொடுத்தவர் மட்டும்தானாம், பழைய உரிமையாளரைக் கேட்க வேண்டுமாம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தேன் என்ற வாய்தான் இதைச் சொல்கிறது! நேரில் போனோம். முதலாளி திருச்செந்தூர் போயிருக்கிறார் என்றான் கடைப் பையன்; அவருடைய கார் கடைக்குப் பின்னால் நிற்கிறது. பில்லை எடுத்து நீட்டி, அடியில் பொடி எழுத்தில் உள்ள 'உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது' என்ற வரியைக் காட்டினான். அந்தப் பில்லிலும் 2,80,000 இல்லை, 1,50,000தான் எழுதியிருக்கிறது. அசல் ஆர்சியும், தம்பி கையெழுத்திட்ட பெயர் மாற்றப் படிவங்களும் இன்னும் அவர்களிடம்தான் இருக்கின்றன. பழைய வண்டி விற்கும் கடைகளுக்குப் போக்குவரத்து அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று வேண்டும் என்பது 2023 ஏப்ரல் முதல் விதி. அதைக் காட்டுங்கள் என்றேன். "அதெல்லாம் சென்னைக்கு, அக்கா" என்றான்.

நிதானமாக எழுத இப்போது முடியவில்லை. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் உங்கள் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கிரீஸ் இருந்தால் அங்கேயே துடைக்கச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் எடுத்துப் பார்க்க வேண்டும். சட்டைப் பையில் ஒரு காந்தம் போதும், பட்டி தெரிந்துவிடும். சொந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள், அதுவும் கான்டெஸாவுக்கு அம்பாசடர் வேலை தெரிந்த பழைய ஆளை. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள், பில்லில் முழுத் தொகை இருக்க வேண்டும். அசல் ஆர்சி கைக்கு வராமல் முழுப் பணம் கூடாது.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. நாளை அங்கே போகிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தம்பி அழைத்தான். போலீஸ் வரை போக வேண்டாம், 40,000 தருகிறேன் என்று அந்த முதலாளி அப்பாவிடம் பேசியிருக்கிறாராம். முடியாது என்று சொல்லச் சொல்லிவிட்டேன். 2,80,000 ரூபாயும் வர வேண்டும்.