கம்பெனி கட்டிய பீஸ், நான் போட்ட லீவு

போன ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையில் எங்கள் கேரம் கிளப்பில் ஒரு தம்பி கேட்டான். "ணா, பி.காம். முடிக்கப் போறேன். ஒரு கம்பெனியில வேலையும் குடுத்து, கரஸ்ல எம்.பி.ஏ. படிக்க பீஸும் கட்டுறாங்களாம். கையெழுத்து போட்டுடவா?"

ஸ்டிரைக்கர் என் கையில் இருந்தது. "போடாதடா" என்றேன். ஏன் என்றான். ஆட்டம் முடியட்டும் என்றேன். ஆட்டம் முடிந்தது, என் பதில்தான் முடியவில்லை.

நான் மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டாக்குமென்டேஷன் பார்ப்பவன். பிளஸ் டூவோடு வேலைக்கு வந்தேன். இதே மாதிரி ஒரு திட்டத்தில் 3 வருட பி.பி.ஏ. முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. கம்பெனி பெயரும் பல்கலைக்கழகத்தின் பெயரும் வேண்டாம், வேலையை விட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பாண்டில் இன்னும் ஆறு மாதம் பாக்கி இருக்கிறது.

ஏற்பாடு இதுதான். பீஸை முதலில் நாம் கட்ட வேண்டும். செமஸ்டர் மார்க் ஷீட்டைக் காட்டினால் பணம் திரும்ப வரும், ஆனால் எல்லாப் பேப்பரும் முதல் முயற்சியிலேயே பாஸ் ஆகியிருக்க வேண்டும். படிப்பு முடிந்து 2 வருடம் அங்கேயே இருக்க வேண்டும். நடுவில் கிளம்பினால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து, மேலே 50,000 ரூபாய். ஸ்பான்சர் என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் நேரே போய்க் கட்டிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். முதல் செமஸ்டருக்கு அம்மாவின் சீட்டுப் பணத்தில் கை வைத்தேன்.

அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். என்னால் இன்றுவரை விட முடியாதது பரீட்சை லீவு. இந்த ஏற்பாட்டுக்காகக் கம்பெனி கொடுத்த நான்கு பக்கக் கடிதத்தில் ஊக்கம், முன்னேற்றம், எதிர்காலம் எல்லாம் இருந்தன. பரீட்சை அன்றைக்கு லீவு உண்டு என்று ஒரு வரி இல்லை. கரஸ் பரீட்சை ஒரே வாரத்தில் முடியாது. இன்றைக்கு ஒன்று, நாலு நாள் கழித்து ஒன்று என்று இழுக்கும், பாதி வேலை நாளில் வரும். எனக்கு மொத்தம் 30 பேப்பர். 9 பேப்பரை வார ஓய்வில் எழுதினேன். அதிலும் பாதி, ஷிப்ட் இன்சார்ஜாக இருந்த அண்ணன் தன் ஓய்வு நாளை எனக்கு மாற்றிக் கொடுத்தது. 12 கேஷுவல் லீவில் போயின. 8 நாள் சம்பளம் பிடித்தார்கள், அன்றைய கணக்குக்கு அதுவே ஏறக்குறைய ஒரு செமஸ்டர் பீஸ்.

மீதி ஒன்று இருக்கிறதே, ஐந்தாம் செமஸ்டர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். நைட் ஷிப்ட் எட்டு மணிக்கு முடிய வேண்டும். திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறினால் கிண்டியில் சென்டர், பத்து மணிக்குப் பரீட்சை. என்னை விடுவிக்க வேண்டியவர் வரவில்லை. "கப்பலுக்கு கட்-ஆஃப் டைம் இருக்கு, அதுக்குள்ள பெட்டி போகலன்னா யாரு பதில் சொல்றது?" என்றார்கள். பதினொன்றரைக்கு வெளியே வந்தேன். ஆறு மாதம் கழித்து எழுதி 71 வாங்கினேன். பீஸைக் கேட்டபோது பதில் வந்தது: முதல் முயற்சியில் தேர்ச்சி இல்லை. எழுத விடாதது யார்? அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அந்த 4,800 ரூபாய் மனு போன வெள்ளிக்கிழமை மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. தம்பி கேட்டது ஞாயிற்றுக்கிழமை.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். படிப்பு எனக்குப் பிடித்திருந்தது. துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசையை ஊரே திட்டும். பெட்டி துறைமுகத்துக்குள் போய்விட்டது என்ற கேட்-இன் தகவல் வரும்வரை யார்டு கேபினில் எனக்கு வேலை இல்லை, வரிசை எர்ணாவூர் வரை நின்றால் இரண்டு யூனிட் முடித்துவிடுவேன். அப்படி ஒரு ராத்திரி பிசினஸ் லா புத்தகத்தில் 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் வந்தது. பிரிவு 74: ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். பையிலிருந்து என் பாண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படித்தேன். என் பாண்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்த பேப்பருக்குப் பீஸ் கொடுத்தது கம்பெனி! அன்றைக்குச் சிரித்த மாதிரி அந்த கேபினில் நான் சிரித்ததில்லை.

அதற்காக பாண்ட் வெறும் காகிதம் என்று சொல்பவர்களை நம்பாதே தம்பி. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று வருடத்துக்கு முன் வேலையை விட்டால் 2 லட்சம் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட நிபந்தனை செல்லும் என்று சொல்லிவிட்டது. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்டால் மட்டும் கொடுக்காதே, ஜெராக்ஸ் போதும் என்று சொல்.

படிப்பையும் நீயே சரிபார். யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது, நீ சேரும் பருவத்துக்கு அந்தப் பாடப்பிரிவும் இருக்க வேண்டும். 2024-லிருந்து சேர்க்கைக்கு அந்தப் பிரிவின் டெப் ஐடி (DEB ID) என்ற மாணவர் அடையாள எண்ணைக் கேட்கிறார்கள், அதை உன் பெயரில் நீயே எடு. எச்.ஆர். எடுத்துத் தருகிறேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு. உன் ஃப்ரெண்டுக்கு யாரோ கரஸில் பி.இ. வாங்கித் தருவதாகச் சொன்னாராமே, இன்ஜினியரிங்கைத் தொலைநிலையில் நடத்த யு.ஜி.சி. விதிகளில் இடமே இல்லை. அசைன்மென்டுக்கு 30 சதவீதம் வரை மார்க் உண்டு, அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதே.

இப்போது கணக்கு. ஆறு செமஸ்டருக்கு 28,800 கட்டினேன், 24,000 திரும்ப வந்தது. பட்டம் வந்ததும் சம்பளம் கொஞ்சம் ஏறியது, மறுக்கவில்லை. ஆனால் 28,800-ஐ மூன்று வருடத்தில் நானே சேர்த்துக் கட்டியிருப்பேன். என்னால் எங்கும் வாங்க முடியாத பொருள் அந்த முப்பது நாள் லீவுதான். அதைத் தர அவர்களுக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை, அதைத்தான் தரவில்லை.

பட்டம் வாங்கிய அன்றைக்குக் கேட்டிருந்தால் "கண்ணை மூடிக்கிட்டு போடுடா" என்றிருப்பேன். வெள்ளிக்கிழமை அந்த மனு திரும்பி வராமல் இருந்திருந்தாலும் அப்படியே சொல்லியிருப்பேனோ என்னவோ. இன்றைக்கு என் பதில், வேண்டாம்.

ராத்திரி தம்பி போன் செய்தான். பரீட்சை லீவைக் கடிதத்தில் எழுதித் தருவீர்களா என்று எச்.ஆரிடம் கேட்டானாம். "அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார்களாம்.