முடிவு தெரியாத கதையைச் சொல்லக் கற்பது: ஒரு பயிற்சி வகுப்பின் மதிப்பீடு

அலுவலகத்தில் விளக்கவுரை நிகழ்த்துவோருக்கும் திட்ட மேலாளர்களுக்கும் கதை சொல்லும் உத்திகளைக் கற்றுத்தருவதாக அறிவித்திருந்த இரண்டு நாள் இணையவழிப் பயிற்சியில் எங்கள் குழுவிலிருந்து நானும் இன்னும் மூவரும் கலந்துகொண்டோம். மொத்தம் பதினான்கு பேர் இருந்தோம். வகுப்பு முடிந்த சூட்டோடு எழுதியிருந்தால் இது வெறும் பாராட்டுரையாகத்தான் இருந்திருக்கும். கற்றதை வேலையில் பயன்படுத்திப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று மூன்று மாதங்கள் காத்திருந்தேன். குறைகளையும் சொல்லப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

ஒவ்வொருவரும் கடைசியாக நிகழ்த்திய விளக்கவுரையின் ஸ்லைடுகளை எடுத்துவர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். நல்ல ஏற்பாடு. என்னுடையது, வாடிக்கையாளர் விவரங்களைப் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றும் திட்டத்தைப் பற்றியது. 32 ஸ்லைடுகள் கொண்டது. பயிற்றுநர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகளைக் கேட்டார். இதைக் கேட்கப்போகிறவர் யார், அவருக்கு இப்போது தொல்லை தருவது எது, நீங்கள் பேசி முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும் என்பவையே அவை. மூன்றாவது கேள்விக்கு என்னால் ஒரே வாக்கியத்தில் விடை சொல்ல முடியவில்லை, ஏனென்றால் நான் நிர்வாகத்திடம் கேட்க வந்த ஒப்புதலே 29ஆவது ஸ்லைடில்தான் ஒளிந்துகொண்டிருந்தது. அன்று மாலைக்குள் அந்த 32 ஸ்லைடுகள் ஏழாகின. ஒரே முகவரியை மூன்று திரைகளில் திருத்த வேண்டியிருக்கும் ஓர் ஊழியரின் வேலைநாளிலிருந்து விளக்கவுரை தொடங்கியது. ஒப்புதல் கோரிக்கை இரண்டாவது ஸ்லைடுக்கு வந்தது.

இந்த இடத்தில் பயிற்றுநர் சொன்ன ஒரு வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை. மெக்கின்ஸி என்ற மேலாண்மை ஆலோசனை நிறுவனத்தில் பணியாற்றிய பார்பரா மின்டோ வகுத்த முறையில், நிலைமை, சிக்கல், அதிலிருந்து எழும் கேள்வி, விடை என்ற வரிசை கதைபோலவே அமைந்திருந்தாலும், விடையைக் கடைசிவரை மறைத்து வைப்பதில்லை. அலுவலகக் கதை துப்பறியும் கதை அன்று. கொலையாளி யார் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, அவர்தான் என்று எப்படித் தெரிந்துகொண்டோம் என்பதைப் பிறகு விவரிக்க வேண்டும்.

முதல் நாளின் மிகச் சிறந்த ஒரு மணி நேரம் கொலம்பியா விண்கலத்தைப் பற்றியது. 2003 ஜனவரி 16 அன்று அது புறப்பட்டபோது வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையைத் தாக்கியது. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்புகையில் கலம் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் உயிரிழந்தார்கள். கலம் வானில் இருந்தபோதே பொறியாளர்கள் சேதத்தை ஆராய்ந்து நாசாவுக்கு ஸ்லைடுகளாக அளித்திருந்தார்கள். அவற்றுள் ஒன்றைத் திரையில் காட்டி, ஆபத்து எந்த வரியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும்படி எங்களிடம் சொன்னார்கள். தலைப்பைப் படித்தால் நிம்மதியாக இருந்தது. கடைசி வரிகளில்தான், சோதனைத் தரவிலிருந்த துண்டின் அளவு 3 கன அங்குலம் என்பதும், கலத்தைத் தாக்கிய நுரைத்துண்டின் அளவு ஏறத்தாழ 1920 கன அங்குலம் என்பதும் இருந்தன. எங்களில் இருவர் மட்டுமே அதைக் கண்டுபிடித்தார்கள். நான் அந்த இருவரில் ஒருவன் அல்லன். தகவல்களைக் காட்சிப்படுத்துவதைப் பற்றி எழுதும் எட்வர்ட் டஃப்டியின் விமர்சனத்தால் பெயர் பெற்ற இந்த ஸ்லைடை விபத்து விசாரணைக் குழுவின் அறிக்கையும் எடுத்துக்காட்டியிருக்கிறது. தகவல் முழுவதும் ஸ்லைடில் இருந்தது. எது பெரிது, எது சிறிது என்று சொல்லும் குரல்தான் இல்லை. கதை சொல்வது என்றால் தகவலுக்கு இனிப்புத் தடவுவது என்று நினைத்திருந்த என் சக ஊழியர் ஒருவர், அந்த ஒரு மணி நேரத்தில் மனம் மாறினார்.

பிற்பகல் வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குரல், கையசைவு, பார்வை ஆகியவற்றைப் பற்றிப் பேசினார்கள். ‘என் வாழ்வை மாற்றிய ஒரு தருணம்’ என்று ஒவ்வொருவரையும் பேசச் சொன்னார்கள்; முன்பின் அறியாதவர்கள் கண்கலங்கியதைப் பார்த்தபடி நாங்கள் நெளிந்துகொண்டிருந்தோம். அடுத்த வாரத் திட்டக் கூட்டத்துக்கு அதனால் என்ன பயன் என்பதை யாரும் விளக்கவில்லை.

என் முக்கியமான மனக்குறை இரண்டாம் நாளைப் பற்றியது. திட்டத்தின் முன்னேற்ற அறிக்கையையும் கதையாகச் சொல்லலாம் என்று கூறி, ஜெர்மன் எழுத்தாளர் குஸ்டாவ் ஃபிரைடாக் 1863இல் நாடகத்துக்கு வகுத்த பிரமிடு அமைப்பைக் கற்றுத்தந்தார்கள். சிக்கல் முற்றி உச்சத்தை அடைந்து பிறகு தணியும் அந்த அமைப்பு, முடிந்துபோன நிகழ்ச்சிக்கு அழகாகப் பொருந்தும். நடந்துகொண்டிருக்கும் திட்டத்துக்கோ முடிவு இன்னும் எழுதப்படவில்லை. நான் அடுத்த மாதக் கூட்டத்திலேயே அதைப் பின்பற்றினேன். தரவுகள் பொருந்தாமல் போனதை உச்சமாகவும், குழுவினர் மூன்று நாட்கள் போராடிச் சரிசெய்ததைத் தீர்வாகவும் வைத்துச் சொன்னேன். கூட்டத்தில் இருந்தவர்கள் மனமாரப் பாராட்டினார்கள். ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. இரண்டு வாரங்களில் அதே கோளாறு வேறொரு பிரிவின் தரவில் தலைகாட்டியது. முதல் பிரிவில் மட்டுமே நாங்கள் அதைச் சரிசெய்திருந்தோம். நான் பொய் சொல்லவில்லை, ஆனால் கதை முடிந்துவிட்டதுபோல ஒலித்ததால், மற்ற பிரிவுகளில் நிலைமை என்ன என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பிழை என்னுடையதுதான் என்றாலும், நன்றாகச் சொல்லப்பட்ட கதை கேட்பவரின் ஐயத்தை அடக்கிவிடும் என்ற எச்சரிக்கையை இரண்டு நாட்களில் ஒருமுறையாவது பயிற்றுநர் சொல்லியிருக்க வேண்டும்.

இதற்கான மாற்று மருந்தும் அதே வகுப்பில் இருந்தது என்பதுதான் வேடிக்கை. உளவியலாளர் கேரி கிளைன் 2007இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய பிரீமார்ட்டம் முறையைக் கடைசி இருபது நிமிடங்களில் அவசர அவசரமாகச் சொல்லி முடித்தார்கள். திட்டம் படுதோல்வி அடைந்துவிட்டது என்று முதலிலேயே வைத்துக்கொண்டு, அது ஏன் தோற்றது என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதி, பிறகு ஆளுக்கு ஒரு காரணமாகப் படிக்க வேண்டும். இதுவும் கதைதான், ஆனால் ஐயத்தைத் தூண்டிவிடும் கதை. எங்கள் குழுவில் செய்து பார்த்தபோது, கூட்டங்களில் வாய் திறக்காத ஒருவர், “சோதனைக்கு நாம் பயன்படுத்திய தரவு உண்மையான தரவைவிடச் சுத்தமாக இருந்தது, அதனால்தான் தோற்றோம்” என்று எழுதியிருந்தார். திட்டத்துக்கு வரக்கூடிய ஆபத்துகளைப் பட்டியலிடும் எங்கள் ரிஸ்க் ரெஜிஸ்டரில் இருந்த பதினெட்டு வரிகளில் எதிலும் அது இல்லை.

அந்த இருபது நிமிடங்களுக்கு முன்பு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, மென்பொருளைப் பயன்படுத்துவோரின் தேவையை ஒரே வாக்கியத்தில் சொல்லும் யூசர் ஸ்டோரி எழுதப் பழக்கினார்கள். ‘இன்னார் என்ற முறையில், இன்னதை விரும்புகிறேன், இன்ன பயனுக்காக’ என்று 2001 வாக்கில் கனெக்ஸ்ட்ரா என்ற மென்பொருள் நிறுவனத்தின் குழுவிடம் உருவான அந்த வாக்கிய அச்சு, உரையாடலைத் தொடங்குவதற்கான ஒரு குறிப்பு மட்டுமே. பெயரில் ஸ்டோரி இருப்பதாலேயே அது கதையாகிவிடாது. ஸ்லைடே இல்லாமல் சொல்வதைப் பற்றியும் ஒரு சொல் வரவில்லை. 2004இல் அமேசானின் நிர்வாகக் கூட்டங்களில் பவர்பாயிண்டை நிறுத்திய ஜெஃப் பெஸோஸ், முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பைக் கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லாரும் அமைதியாகப் படிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். கதையைப் பேசத்தான் வேண்டும் என்பதில்லை, எழுதியும் சொல்லலாம் என்பதற்கு அது நல்ல சான்றாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்து ஒவ்வொருவருக்கும் அளித்த அரை மணி நேரத் தனி ஆலோசனை, நான் எதிர்பார்த்ததைவிடப் பயனுள்ளதாக இருந்தது. என் விளக்கவுரையின் பதிவைப் பயிற்றுநர் முழுமையாகப் பார்த்திருந்தார். முதல் ஸ்லைடில் வரும் அந்த ஊழியர் அதன்பின் எங்கே போனார் என்று அவர் கேட்டபோதுதான், கதையை அவரிடம் தொடங்கிவிட்டு மீதி முழுவதும் எங்கள் குழுவின் பெருமையையே பேசியிருக்கிறேன் என்பது உறைத்தது.

விளக்கவுரைக்காக மட்டும் என்றால் தயங்காமல் சேரலாம். திட்ட மேலாண்மைக்காகச் சேருகிறவர்கள் நடந்துகொண்டிருக்கும் ஒரு திட்டத்தைக் கையோடு எடுத்துச் சென்று, முடிவு தெரியாததை எப்படிச் சொல்வது என்ற கேள்வியை முதல் நாளே எழுப்பிவிடுவது நல்லது. யூசர் ஸ்டோரி நேரத்தைக் குறைத்து பிரீமார்ட்டத்துக்குக் கொடுக்கும்படி நான் கருத்துப் படிவத்தில் எழுதியிருந்தேன். அடுத்த வகுப்புக்கு அனுப்பியுள்ள அட்டவணையில் அதற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.